பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

ஊசிவால் | சென்னை | அக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். ஆறேழு வருடமாக ஒரு 8×42 பைனாகுலரை வைத்துத்தான் பறவை பார்க்கிறேன். போன பிப்ரவரியில் பெரும்பாக்கத்தில் தண்ணீர் வற்றிய சேற்றில் கொசு உள்ளான்கள் இருநூறு முந்நூறு மேய்ந்துகொண்டிருந்தன. என் பைனாகுலரில் எல்லாம் நகரும் கடுகுதான். பக்கத்தில் நின்றவர் தன் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில், அதாவது ட்ரைபாடில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியில், பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தால், உள்ளான் அலகை வெளியே எடுக்கும்போது நுனியில் ஒட்டியிருந்த சேறு தெரிகிறது! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

புதிதாக நல்லது வாங்க நமக்குக் கட்டாது. இப்போது மயிலாப்பூரில் ஒரு பெரியவர் நிக்கான் ஃபீல்டுஸ்கோப் ஈடி82 விற்கிறார். ஐபீஸ் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) சாய்ந்திருக்கும் மாடல், கூடவே ஜூம் ஐபீஸும் உண்டு. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். 45,000 கேட்கிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆன பொருள், தயாரிப்பே நின்றுவிட்டது. வாங்கலாமா? போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? மொபைலை அதில் வைத்துப் படம் எடுக்க முடியும் என்கிறார்களே, உண்மையிலேயே ஒப்பேறுமா?

வீட்டில் "இன்னொரு குழாயா?" என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

முக்காலி | திருநெல்வேலி | அக்டோபர் 14

ஸ்கோப்பை விடுங்கள். ட்ரைபாட் என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஊசிவால் | அக்டோபர் 14

மொபைல் வீடியோவுக்கு வாங்கிய ஒரு அலுமினிய ட்ரைபாட் இருக்கிறது. 1,200 ரூபாய்.

முக்காலி | அக்டோபர் 14

நினைத்தேன். 45,000 ரூபாய்ப் பொருளை 1,200 ரூபாய்க் காலில் நிறுத்தப் போகிறீர்கள். அந்த ஸ்கோப் ஒன்றரை கிலோவுக்கு மேல். காற்று லேசாக வீசினாலே 40 மடங்கில் கூந்தன்குளத்துக் கூழைக்கடா பரதநாட்டியம் ஆடும். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ட்ரைபாடுக்கும் அதன் தலைக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஸ்கோப் தேடுங்கள். பந்து மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் ஹெட் வேண்டவே வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமும் எண்ணெய்போல வழுக்கி, கையை எடுத்ததும் அங்கேயே நிற்கிற வீடியோ தலை வேண்டும். நான் மேன்ஃப்ரோட்டோ 128ஆர்சி வைத்திருக்கிறேன், பழையது வாங்கியது. ஒரு குறையும் இல்லை.

சேற்றுப்பருந்து | கோவை | அக்டோபர் 15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒன்று புரியவில்லை. நிக்கான் பி900 ஜூம் கேமரா வந்தது 2015இல், லென்ஸ் 24 முதல் 2000 மிமீ வரை. 2018இல் வந்த பி1000 3000 மிமீ வரை போகிறது. ஒரே பெட்டி, கையில் பிடித்தே எடுக்கலாம், போகஸும் தானே ஆகும். பழையதாக வாங்கினால் ஸ்கோப் விலைக்குள் முடிந்துவிடும். இதை விட்டுவிட்டு ஒரு குழாய், மூன்று கால், மேலே ஒரு மொபைல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்... எதற்கு இந்தச் சர்க்கஸ்?

கூழைக்கடா | சென்னை | அக்டோபர் 15

சேற்றுப்பருந்து கேட்பது நியாயமான கேள்விதான், அதற்கு அப்புறம் வருகிறேன். ஊசிவால் தம்பி, முதலில் உங்கள் கேள்வி. நான் இதுவரை மூன்று ஸ்கோப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஒன்றில் ஏமாந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளம்.

போகும்போது ஒரு நல்ல டார்ச் எடுத்துப் போங்கள். ஐபீஸைக் கழற்றி, முன் லென்ஸ் வழியாகச் சாய்வாக வெளிச்சம் அடித்து, பின்பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். பிறகு திருப்பிச் செய்யுங்கள். நாலைந்து தூசு இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்திவலை நூல்போல, வேர் விட்டதுபோல கிளைகிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சு விட்டதுபோல மெல்லிய பால் படலம் இருந்தால் அது வேறு வியாதி, எந்த விலைக்கும் வேண்டாம். சென்னைக் கடற்காற்றில் பீரோவுக்குள், அதிலும் தோல் பையில் வைத்த பொருளுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூஞ்சை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐபீஸில் என்றால் அதை மட்டும் சுத்தம் செய்யலாம், இல்லை வேறு ஐபீஸ் தேடலாம். பிரிசத்தில் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ஐபீஸில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். ஃபீல்டுஸ்கோப் வரிசையின் ஜூம் ஐபீஸில் 13–40, 20–60, 25–75 என்று மூன்று ஜோடி இருக்கும். ஒரே ஐபீஸ், முன் லென்ஸ் 50, 60, 82 மிமீ உள்ள உடல்களில் தரும் உருப்பெருக்கம் அது. உங்கள் 82இல் 25–75. அவர் "60 மடங்கு" என்று சொன்னால் பயப்படாதீர்கள், ஏமாற்றவில்லை, தப்பாகப் படித்திருக்கிறார்.

கடைசி சோதனைதான் பெரியது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஸ்கோப்புக்கு ஸ்கோப் தரம் மாறும். மொட்டைமாடிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். தூரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் பீங்கான் குமிழிலோ வண்டிக் கண்ணாடியிலோ வெயில் பட்டு ஒரு புள்ளியாக மின்னும். அதிக உருப்பெருக்கத்தில் அந்தப் புள்ளியைப் பிடித்து, போகஸை ஒரு பக்கம் கொஞ்சம் தாண்டுங்கள், பிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் விரிந்தால் நல்ல பிறவி. ஒரு பக்கம் குத்தாகவும் மறுபக்கம் படுக்கையாகவும் நீண்டால் கண்ணாடி கோணியிருக்கிறது. போகஸ் ஒரே இடத்தில் 'டக்'கென்று விழ வேண்டும். "இதுவா, இல்லை இன்னும் கொஞ்சமா" என்று விரல் தேடிக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். வெயில் ஏறினால் கானலே இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும், காலையிலேயே போங்கள்.

காக்கா ஒன்று வெள்ளை வானத்தில் உட்கார்ந்திருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஈடி என்பது நிறம் சிதறுவதைக் குறைக்கும் கண்ணாடி, ஊதா விளிம்பு அதிகமாக இருந்தால் அது தன் வேலையைச் செய்யவில்லை.

இனி பி900. 2000 மிமீ என்பது 35 மிமீ ஃபிலிம் கேமராக் கணக்கில் சொல்வது, அதன் லென்ஸ் கடைசி ஜூமில் உண்மையில் 357 மிமீ, துளை எண் எஃப் 6.5. வகுத்தால் ஒளி நுழையும் வாசல் 55 மிமீ. இந்த ஸ்கோப்புக்கு 82. பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கணக்கை விடுங்கள். பி900இல் நீங்கள் பார்ப்பது ஒரு சின்ன டிவி. ஸ்கோப்பில் பார்ப்பது பறவை. முந்நூறு உள்ளானை ஒவ்வொன்றாக ஒரு மணி நேரம் டிவியில் பார்க்க உங்கள் கண் ஒத்துக்கொள்ளுமா? படம்தான் வேண்டும் என்றால் சேற்றுப்பருந்து சொல்வதைக் கேளுங்கள். பார்க்க வேண்டும், போனால் போகிறது என்று ஒரு படமும் வேண்டும் என்றால் ஸ்கோப்.

சேற்றுப்பருந்து | அக்டோபர் 15

பறக்கிற பருந்தை அந்தக் குழாயில் பிடித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கூழைக்கடா | அக்டோபர் 15

முடியாது. அது உங்கள் கட்சி. :)

ஊசிவால் | அக்டோபர் 20

நேற்றுக் காலை ஏழு மணிக்கே மயிலாப்பூர் போய்விட்டேன். பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். டார்ச்சை எடுத்ததும் "டாக்டரா நீங்க?" என்றார். காபி வந்தது. ஸ்கோப் பழுப்புத் தோல் பையில், பையைத் திறந்ததும் பழைய புத்தக வாசனை. எனக்கு உடனே கூழைக்கடா அண்ணன் ஞாபகம்தான்.

ஸ்கோப்பின் உடல் சுத்தம். முன் லென்ஸில் விளிம்போரம் ஒரு கீறல், நகத்தில் தட்டுப்படவில்லை. பிரிசத்தில் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐபீஸைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே ஓரத்தில் மிளகளவு இடத்தில் மூன்று நூல், நடுவில் ஒரு முடிச்சு. அவரிடமே காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எட்டு வருஷமா பீரோவிலேயே இருந்துது. எனக்குக் கண்ல புரை வந்தது, இதுக்கும் வந்துடுத்து" என்றார். அதற்குப் பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. அவரே "முப்பத்தி ரெண்டு கொடுங்கோ" என்றார்.

மாடியில் டிரான்ஸ்ஃபார்மர் சோதனையும் ஆயிற்று. 75இல் வளையங்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி, ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல். கபாலீஸ்வரர் கோபுரம் கண்ணில் பட்டது. ஒரு சுதைச் சிற்பத்தின் தோளில் மணிப்புறா இறகு கோதிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முக்காலி | அக்டோபர் 20

வாழ்த்துகள். ட்ரைபாட்?

கூழைக்கடா | அக்டோபர் 20

நல்ல பேரம். அந்தத் தோல் பையை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், அதுதான் பூஞ்சையின் தாய்வீடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40–50 சதவீதத்தில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி டப்பாவில் போடு என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். தவிட்டுத் தூசிதான் மிஞ்சும்.

ஐபீஸை நல்ல கேமரா மெக்கானிக்கிடம் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

ஊசிவால் | நவம்பர் 9

ஐபீஸ் சுத்தமாகி வந்துவிட்டது. ஒரு புள்ளித் தழும்பு மட்டும் மிச்சம். அடுத்து படம் எடுக்கும் கதை, சிரிக்காமல் படிக்கவும்.

மழை விட்ட ஞாயிறு. பள்ளிக்கரணையில் துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலை ஓரம். ஆன்லைனில் வாங்கிய, எல்லா மொபைலுக்கும் பொருந்தும் என்ற கிளிப். பொருத்தவே கால் மணி நேரம். நெடுங்கால் உள்ளான் ஒன்று சமர்த்தாக நின்றது. திரையில் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் உள்ளான். சரி, கறுப்பை விலக்கலாம் என்று திரையில் 3 மடங்கை அமுக்கினேன். மொத்தமும் இருட்டு! உள்ளான் போச்சா, ஸ்கோப் போச்சா என்று பதறிவிட்டேன். 1 மடங்குக்கு வந்தால் மறுபடி இருக்கிறது. இதே கண்ணாமூச்சி பத்துத் தடவை.

மொத்தம் 212 படம். சாலையில் ஒவ்வொரு லாரி போகும்போதும் உள்ளானுக்கு நாலு கால். தேறியது பூஜ்யம். எங்கே தப்பு?

முக்காலி | நவம்பர் 9

அதே 1,200 ரூபாய் ட்ரைபாட்தானே?

ஊசிவால் | நவம்பர் 9

...ஆமாம்.

கிள்ளான்காரன் | மலேசியா | நவம்பர் 10

வணக்கம். இங்கே மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வித்தை எங்கள் ஊர்ச் சரக்கு. 1999இல் லாரன்ஸ் போ என்ற மலேசியப் பறவை ஆர்வலர், நிக்கான் கூல்பிக்ஸ் 950 டிஜிட்டல் கேமராவைத் தன் லைக்கா ஸ்கோப்பின் ஐபீஸில் வைத்துப் பார்த்தார். படம் விழுந்தது. இரண்டே மெகாபிக்ஸல். இணையக் குழுக்களில் அவர் போட்ட படங்களைப் பார்த்து உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள். 'டிஜிஸ்கோப்பிங்' என்ற பெயரை வைத்தவர் பிரான்சின் அலான் ஃபோஸே. பெயர் அவர்களுடையது, பிள்ளை எங்களுடையது.

அந்தக் கேமரா ஏன் பொருந்தியது தெரியுமா? லென்ஸ் சின்னது, ஜூம் செய்தாலும் வெளியே நீளாது, ஐபீஸோடு ஒட்டி நிற்கும். கைப்பேசிக்கும் அதே குணம். ஆனால் இன்றைய கைப்பேசியில் மூன்று கண் இருக்கிறது. நீங்கள் கிளிப்பை நேராக்கியது முதல் கண்ணுக்கு. 3 மடங்கு அமுக்கியதும் அது வேறு கண்ணுக்குத் தாவிவிட்டது, அந்தக் கண் பார்ப்பது கிளிப்பின் பிளாஸ்டிக்கை! லென்ஸைப் பூட்டி வைக்கும் கேமரா செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கண்ணிலேயே இருந்து ஒன்றரை, ஒன்றே முக்கால் மட்டும் பெரிதாக்குங்கள், கறுப்பு வட்டம் விலகும்.

தூரமும் முக்கியம். ஐபீஸில் கண் வைக்கும் ரப்பர் குவளையை மடக்கியும் நீட்டியும் பாருங்கள். ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தெளிகிற இடம் ஒன்று இருக்கும், ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் போய்விடும். அங்கே ரப்பர் வளையம் ஒன்றை அடையாளமாகப் போட்டுவிடுங்கள்.

மன்னாரான் | இலங்கை | நவம்பர் 11

அண்ணைமார் சொல்வது எல்லாம் சரி. நான் கிளிப்பே வாங்கவில்லை. பழைய போன் உறையின் முதுகில் கமராத் துளைக்கு நேராக, ஐபீஸ் விட்டத்துக்குப் பொருந்துகிற பிவிசி குழாய்த் துண்டை எபொக்சி போட்டு ஒட்டிவிட்டேன். உள்ளே ஒரு சுற்று சைக்கிள் டியூப். போட்டால் 'சப்'பென்று இருக்கும், இரண்டு செக்கன் வேலை. வேறு போன் வாங்கினால் வேறு உறை, அவ்வளவுதான்.

திரையை விரலால் தொட்டுப் படம் எடுக்கவே வேண்டாம். கம்பி இயர்போனை மாட்டி, அதன் வொல்யூம் பொத்தானை அமத்துங்கள். இல்லாவிட்டால் மூன்று செக்கன் டைமர்.

வங்காலைப் பக்கம் எங்களுக்குப் பெரும் பிரச்சினை காற்று. அதனால் நான் படமே குறைவு, வீடியோதான். ஆய்வாளர்கள் காலில் எழுத்துள்ள சின்னக் கொடி போட்டுவிட்ட கரைப்பறவை ஒன்று வந்தால் இருபது செக்கன் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரேமாகப் பார்ப்பேன். நூறு பிரேம் கலங்கியிருக்கும், ஒன்றில் எழுத்து வடிவாகத் தெரியும். ஒருமுறை மூன்று எழுத்தில் இரண்டு ஒரு பிரேமில், மூன்றாவது வேறு பிரேமில் கிடைத்தது.

கூழைக்கடா | நவம்பர் 11

மன்னாரான் சொல்வது பெரிய விஷயம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். அந்த வளையத்தையோ கொடியையோ மறுபடி பிடிக்காமலே படிக்க முடிந்தால், அந்தப் பறவைக்கும் தொந்தரவில்லை.

ஊசிவால், எத்தனை மடங்கில் வைத்து எடுத்தீர்கள்?

ஊசிவால் | நவம்பர் 11

75தான். இருப்பதை முழுசாகப் பயன்படுத்துவோமே என்று...

கூழைக்கடா | நவம்பர் 11

அதுதான் பாதி நோய். ஸ்கோப்பை ஒரு கை நீட்டத்தில் வைத்து ஐபீஸைப் பாருங்கள், நடுவில் வெளிச்சமாக ஒரு சின்ன வட்டம் மிதக்கும். அதன் அளவு, முன் லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 25இல் 3.3 மிமீ, 75இல் 1.1 மிமீ. மொபைல் லென்ஸின் துளை சுமார் 3 மிமீ என்று வையுங்கள். 25இல் துளை நிரம்புகிறது. 75இல் ஏழெட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகிறது. மொபைல் என்ன செய்யும்? ஷட்டரை மெதுவாக்கும், ஐஎஸ்ஓவை (ஒளி உணரும் அளவை) ஏற்றும். மெதுவான ஷட்டர், ஆடும் கால், ஓடும் லாரி. நாலு கால் உள்ளான் அப்படிப் பிறந்ததுதான்.

25இலேயே வைத்தாலும், மொபைலின் முதல் கேமரா 26 மிமீ என்றால் 26 பெருக்கல் 25, 650 மிமீ லென்ஸ் கையில் இருப்பதுபோல. போதாதா? 30ஐத் தாண்டாதீர்கள். 75 மடங்கு, குளிர்ந்த காலையில் கண்ணால் பார்க்க மட்டும். ஒன்பது மணிக்கு மேல் சதுப்பில் அதுவும் உதவாது, கானலில் எல்லாம் நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும்.

போகஸைக் கண்ணால் முதலில் வைத்துவிட்டு மொபைலை மாட்டுங்கள், பிறகு திரையில் பெரிதாக்கி ஒரு மயிரிழை திருத்துங்கள். பெரிய கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைக்குத் திரையில் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு எல்லாம் சுண்ணாம்பு ஆகிவிடும்.

சேற்றுப்பருந்து | நவம்பர் 12

இத்தனை சொன்ன பிறகும் சொல்கிறேன், என் பி900இல் பொத்தான் ஒன்றுதான். ஆனால் அந்த பிவிசி குழாய் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவின் பழைய பைனாகுலரில் செய்து பார்க்கப் போகிறேன்.

ஊசிவால் | ஜனவரி 26

ரொம்ப நாள் ஆயிற்று. அலுமினியக் காலைத் தம்பி கல்யாண வீடியோவுக்குத் தானம் கொடுத்துவிட்டு, பழைய கனமான ட்ரைபாட் ஒன்று வாங்கினேன். தலை இன்னும் இரவல்தான்.

இன்று காலை ஆறே கால், பெரும்பாக்கம். கால்களை விரித்துத் தாழ்வாக வைத்து, நடுக்கம்பில் தண்ணீர் பாட்டில் போட்ட பையைத் தொங்கவிட்டு, நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சாய்ந்த ஐபீஸின் அருமை உட்கார்ந்தால்தான் தெரிகிறது. கொசு உள்ளான் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் கறுப்புக் கால். நாற்பதோ ஐம்பதோ தாண்டி, கூட்டத்தில் சேராமல் புல் ஓரமாக ஒன்று தனியாகப் பதுங்கிப் பதுங்கி மேய்ந்தது. முதுகு ஒரே மண் நிறம், மார்பில் பழுப்புப் பட்டை. கால் சேற்றில் புதைந்திருந்தது. காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கல் மேல் ஏறியது. மஞ்சள் கால்! அப்படியென்றால் இது வேறு இனம், டெமிங்க் கொசு உள்ளான்.

மன்னாரான் முறைப்படி வீடியோ, 25 மடங்கு, இயர்போன் பொத்தான். அதிலிருந்து எடுத்த ஒரு பிரேமை இணைத்திருக்கிறேன். விருது எதுவும் கிடைக்காது, முதுகு கொஞ்சம் மசமச என்றுதான் இருக்கிறது. ஆனால் கால் மஞ்சள் என்று யாரும் மறுக்க முடியாது.

எருமை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் "என்ன சார் அளக்கிறீங்க?" என்றார், சர்வேக்காரன் என்று நினைத்துவிட்டார். பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருடைய எருமை ஒன்று என் பையை முகர்ந்து ட்ரைபாடைத் தள்ளப் பார்த்தது. "ஏய், சும்மாயிரு, பாத்துக்கினு இருக்கேன்ல" என்று அதை அதட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மன்னாரான் | ஜனவரி 26

கால் மஞ்சள்தான் அண்ணை. வடிவாகத் தெரியுது.

சேற்றுப்பருந்து | ஜனவரி 26

படம் சுமார். பறவை சூப்பர். எந்தப் பக்கத்து வரப்பு? அடுத்த வாரம் சென்னை வருகிறேன்.

முக்காலி | ஜனவரி 27

இரவல் தலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பழைய 128ஆர்சி சும்மா கிடக்கிறது, கைப்பிடி ரப்பர் மட்டும் கிழிந்திருக்கிறது. 3,500. டார்ச் அடித்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

ஊசிவால் | ஜனவரி 27

3,000?

முக்காலி | ஜனவரி 27

கூரியர் செலவு உங்களுடையது.